இருபது முழமா, இருபது மாருவா?

“மை கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் ஆர் எக்ஸலன்ட்” என்று ஒப்பித்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சரி, மேலே சொல் என்றேன்.

“அவ்வளவுதான் ஆன்ட்டி.”

மைசூரு தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டு மாடிப்படிதான் ஒத்திகை மேடை. ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் என்பதால், தெருவில் யாருக்கு இன்டர்வியூ வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். கட்டணம் இல்லை. இவள் வீட்டிலிருந்து மட்டும் அவ்வப்போது மல்லிகை வரும். அப்பாவுக்கு தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம். மூன்று மொழியில் பேரம் பேசுகிறவள், தனக்குப் பேச வராது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பித்திருந்தது வாடிக்கையாளர் சேவை வேலைக்கு. அங்கே கம்யூனிகேஷன் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. தனியாரிடம் அந்தச் சலுகை எதிர்பார்க்க முடியாது.

கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றுதான். யாரோடாவது புரிதல் தப்பிப்போய் அதைச் சரிசெய்தது உண்டா? கோபமாக வந்தவரை எப்படிச் சமாளித்தீர்கள்? விவரம் தெரியாதவருக்கு ஒரு விஷயத்தை எப்படி விளக்கினீர்கள்? எல்லாமே நடந்த கதையைக் கேட்கின்றன. ‘எக்ஸலன்ட்’ என்பதற்கு நாங்கள் மதிப்பெண் போட முடியாது, நடந்ததற்குப் போடலாம். சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன விளைந்தது என்று நாலாகப் பிரித்துச் சொல்லும் இந்த வழிக்கு ‘ஸ்டார்’ என்று பெயர். 1970களில் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்று பரப்பியது. நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள், வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

“எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே ஆன்ட்டி” என்றாள். கடையில் கடைசியாக எப்போது சண்டை வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது.

நம் ஊர்ப்பக்கம் பூவை முழத்தில் அளக்கிறோம். இங்கே முழமும் உண்டு, மாருவும் உண்டு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு மாரு, கணக்குப்படி நாலு முழம். (கடைக்காரர் கை எவ்வளவு தாராளமாக விரிகிறது என்பது வேறு கதை.) ஈரோட்டிலிருந்து வந்து இங்கே கல்யாணம் நடத்திய குடும்பம் ஒன்று போனில் இருபது முழம் மல்லிகை கேட்டிருக்கிறது. போனை எடுத்த தம்பி நோட்டில் வெறுமனே ‘20’ என்று எழுதினான். அப்பா அதை மாரு என்று எடுத்துக்கொண்டு கட்டிவிட்டார். விடியற்காலை மண்டபத்தில் இவள் கூடையை இறக்க, கல்யாணப் பெண்ணின் மாமா கொதித்துவிட்டார்: யார் இவ்வளவு கேட்டது?

இதை முதல் தடவை எப்படிச் சொன்னாள் தெரியுமா? “ஒரு கஸ்டமரோடு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் வந்தது, பேசித் தீர்த்தேன்.” உயிரே போய்விட்டது. என்ன பேசினாய் என்று துருவினேன். அவள் வாதாடவில்லை. தப்பு எங்கள் நோட்டில்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாள். எத்தனை பேர் தலைக்கு வேண்டும் என்று கேட்டு, இருபது முழத்தை அளந்து கொடுத்து, மிச்சம் அறுபதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குள் அதுவும் விற்றுத் தீர்ந்தது. மறுநாளிலிருந்து நோட்டில் முழமா மாருவா என்று எழுத ஒரு கட்டம் போட்டாள். போனை வைக்குமுன் ஆர்டரைத் திருப்பிச் சொல்லிக் கேட்பதும் அன்று தொடங்கியதுதான்.

இதைவிட நல்ல பதிலை என் பணிக்காலத்தில் அதிகம் கேட்டதில்லை. அப்பாவுக்கோ சம்மதமில்லை. “பூக்கடைச் சமாசாரத்தையா ஆபீசில் போய்ச் சொல்வது? மானம் போய்விடும்” என்றார். நாங்கள் கேட்டுச் சலித்தது பூக்கடைக் கதைகளை அல்ல. ‘என் பலவீனம், நான் ரொம்ப உழைப்பேன்’ என்ற மனப்பாடத்தைத்தான் என்று அவருக்குச் சொன்னேன். பாதிதான் நம்பினார்.

கோச்சிங் வகுப்பில் யாரோ அவளிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்று. இந்தக் கணக்கு 1967இல் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் செய்த இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. ‘மேபீ’ போன்ற ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, பேசுபவரின் பிடித்தம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். உணர்ச்சி பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த 7 சதவீதக் கணக்கை நம்பி, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பாவம்.

திக்குகிற பையன்களும் படியேறி வருவதுண்டு. திக்குவது வேறு, சொல்லத் தெரியாதது வேறு. “எனக்குக் கொஞ்சம் திக்கும், ஆனால் சொல்லி முடித்துவிடுவேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடச் சொல்வேன். கேட்கிறவருக்கும் பதற்றம் குறையும். பயிற்சி வேண்டுமென்றால் மானசகங்கோத்ரிக்கு அனுப்புவேன். 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கேள்வி புரியாவிட்டால், ‘இன்னொரு தடவை சொல்ல முடியுமா’ என்று கேட்கச் சொல்வது எல்லோருக்கும்தான். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறெதையோ பேசுகிறவருக்கு நாங்கள் கோடு போட்டுவிடுவோம்.

அந்தப் பூக்கடைக் கதையை அவளை ஆங்கிலத்தில் ஆறு தடவை சொல்லவைத்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தைகளில், இரண்டு நிமிடத்துக்குள். ஐந்தாவது தடவை ‘மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்’ காணாமல் போய், மாமாவின் கோபம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ முடிந்து நேராக இங்கே வந்தாள். கையில் பூ இல்லை.

“ஒரு மேடம் நோட்டை மூடி வைத்துவிட்டு, மாரு என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள் ஆன்ட்டி.”

“நீ என்ன சொன்னாய்?”

“கையை விரித்துக் காட்டினேன். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்துவிட்டது.”

கடிதம் இன்னும் வரவில்லை.