பள்ளிப் பிள்ளைகளும் தொற்றுநோய்த் தடுப்பும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயிலும், திருவிதாங்கூர் அரசர்களின் பழைய அரண்மனைகளும் காட்சி தரும். கோட்டையை ஒட்டிய அட்டக்குளங்கரை, மணக்காடு முதலிய பகுதிகளில் பள்ளிகள் பல உள்ளன. பல திசைகளினின்றும் வரும் பிள்ளைகள் ஒரே அறையில் நெடுநேரம் கூடியிருப்பதால், ஓர் இல்லத்தில் தோன்றிய நோய் பல இல்லங்களை அடையப் பள்ளியே வழியாகிவிடுகிறது. ஆயினும் அதே பள்ளி நோயைத் தடுக்கும் அரணாகவும் அமையக்கூடும்.

இவ்வுண்மையைத் திருவிதாங்கூர் முன்னரே உணர்ந்திருந்தது. பெரியம்மையைத் தடுக்க அம்மைப்பால் குத்தும் முறையை ஆங்கில மருத்துவர் எட்வர்டு ஜென்னர் 1796-இல் சோதித்துக் கண்டார். ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், 1813-இல், அம்முறை திருவிதாங்கூரில் புகுத்தப்பட்டது. மக்களின் அச்சத்தைப் போக்கும் பொருட்டு, அரச குடும்பத்தினரே முதலில் அம்மைப்பால் குத்திக்கொண்டனர். பின்னர், 1879-இல், அரசு ஊழியர், சிறைவாசிகள், மாணாக்கர் ஆகியோருக்கு அது கட்டாயமாயிற்று. முன்மாதிரி முதலில், ஆணை பிறகு என்ற இவ்வரிசை கருதத்தக்கது. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது.

அறிகுறிக்கு முன்பே பரவுதல்

வகுப்பறைகளில் இன்று காணப்படும் தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. அறிகுறி வெளிப்படுமுன்னரே அவை பரவத் தொடங்குகின்றன. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்னிருந்து 4 நாட்கள் பின்வரை பிறருக்குத் தொற்றும். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு 1 அல்லது 2 நாட்கள் முன்னிருந்து, கொப்புளங்கள் யாவும் பொருக்குக் கட்டும்வரை தொற்றும். பொன்னுக்குவீங்கியுற்ற பிள்ளை, கன்னம் வீங்கியபின் 5 நாட்கள் பள்ளிக்கு வாராதிருத்தல் வேண்டும்.

ஆகவே நோயுற்ற பிள்ளையை வீட்டிற்கு அனுப்புதல் இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. முன்னதாகவே பெற்ற தடுப்பூசியே முதற் காவல். தட்டம்மை பரவாதிருக்க, நூற்றுக்கு 95 பிள்ளைகளேனும் இரு தவணை ஊசியும் பெற்றிருத்தல் வேண்டும். இக்காவல் தளர்ந்தால் விளைவது யாது என்பதை மலப்புறம் மாவட்டம் காட்டிற்று. அங்கு 2016-இல் தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டி, சிறுவர் உயிரிழப்பும் நேர்ந்தது. இந்நோயைத் தடுக்கும் ஊசி 5 முதல் 6 வயதிலும், 10 வயதிலும், 16 வயதிலும் மீண்டும் போடப்படுகிறது. இவை மூன்றும் பள்ளிப் பருவத்தினவே என்பதை ஆசிரியர் மனத்திற் கொள்க.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பிள்ளையைச் சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையைப் பார்வையிட்டு, விடுபட்ட தவணைகளைச் சுகாதார ஊழியருக்குத் தெரிவித்தல் நலம். அஞ்சும் பெற்றோரைக் கடிந்துரைப்பதைவிட, தம் மக்களுக்கு ஊசி போடுவித்ததை ஆசிரியர் எடுத்துரைத்தல் பெரும்பயன் தரும்.

காய்ச்சலும் தடிப்பும் கண்ட பிள்ளையைத் தனியே அமர்த்திப் பெற்றோரை வரவழைக்க. சின்னம்மை ஒருவருக்குக் கண்டால், ஏனையோரை 3 வாரங்கள் கவனித்து வருக. சன்னல்களைத் திறந்து வைத்தல், சோப்பினால் கை கழுவுதல், கொதித்தாறிய நீர் பருகுதல் ஆகியன நாள்தோறும் பேணத்தக்கவை.

இறுதியாக ஒன்று. ஒருநாளும் தவறாது வருகை தந்த மாணவருக்குப் பரிசளிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பரிசை இழக்க விரும்பாத பிள்ளை காய்ச்சலை மறைத்தும் வகுப்பிற்கு வரும். மருத்துவக் காரணத்தால் வாராத நாட்களைக் குறையாக எண்ணாது, விடுபட்ட பாடத்தைப் பின்னர் கற்பிக்க ஏற்பாடு செய்தால், நோயை மறைக்கும் தேவை பிள்ளைக்கு எழாது. இம்மாற்றத்திற்குச் செலவு ஏதும் இல்லை. தலைமை ஆசிரியரின் ஒரு சொல்லே போதும்.