கரைந்தால்தான் சிறகு

 கொல்லைக் கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழு, பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம்பருவம். அதற்குச் சிறகு முளைப்பதை எல்லோரும் வியக்கிறோம். அதைவிட வியக்கத்தக்கது, சிறகுக்கு முன்னால் அதற்குள் நடக்கும் சாவு.

புழுவின் வயிற்றடியில் ஐந்து ஜோடி சதைக்கால்கள் உண்டு; பட்டாம்பூச்சிக்கு ஒன்றுகூட இல்லை. இலையைச் செரித்த குடலின் உட்சுவரும் அழிந்து புதிதாக எழும்புகிறது. இது நோயோ அழுகலோ அல்ல. செல்கள் தம்மிடமுள்ள நொதிகளாலேயே தம்மை அறுத்துக் கரைத்துக்கொள்கின்றன. கரைந்தது புதிய உறுப்புகளுக்குத் தீனியாகிறது.

இதற்கான உத்தரவு எக்டைசோன் என்னும் ஹார்மோன். ஜெர்மனியில் புட்டனன்ட்டும் கார்ல்சனும் 1954இல் 500 கிலோ பட்டுக்கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்துப் பிரித்தெடுத்தது வெறும் 25 மில்லிகிராம்! கூடவே 'இளமை ஹார்மோன்' நிறைந்திருந்தால், எக்டைசோன் எழும்போது புழு தோலுரித்துப் பெரிய புழுவாகும், அவ்வளவுதான். இளமை ஹார்மோன் வற்றிய பிறகு அதே எக்டைசோன் எழுந்தால் உருமாற்றம் தொடங்கிவிடும். பட்டுப்புழுவில் நூல் சுரந்த சுரப்பி அப்போது சாகிறது. சிறகின் குருத்தோ செழிக்கிறது. ஒரே ஹார்மோன்தான். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அது தட்டி எழுப்பும் மரபணுக்கள் வேறு.

எக்டைசோன் குறைவதும் கொல்லும். கூட்டை உடைத்து வெளிவர அந்துப்பூச்சிக்கு உதவும் வயிற்றுத் தசைகள், வேலை முடிந்து ஹார்மோன் இறங்கியதும் இரண்டே நாளில் மறைகின்றன. இதை ஆராய்ந்த லாக்‌ஷினும் கேரல் வில்லியம்ஸும் 1964இல் வைத்த பெயர்தான் 'திட்டமிட்ட செல் மரணம்'. இன்று புற்றுநோய் ஆய்விலும் அந்தப் பெயரே வழங்குகிறது.

நம் நாட்டுப் பட்டு விவசாயத்தில் எக்டைசோன் பற்றிய இந்த அறிவு புழங்குகிறது. செடிகளிலிருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருளை, கூடு கட்டும் தறுவாயில் உள்ள புழுக்களின் மல்பெரி இலையில் தெளிக்கிறார்கள். முன்னும் பின்னுமாகப் பழுக்கும் புழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கூடு கட்டுகின்றன. பழுத்த புழுக்களைப் பொறுக்கும் ஆட்கூலி மிச்சமாகிறது.