புரதக் களஞ்சியமும் அதன் காவற்கூலியும்

மனித இரத்தத்தின் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய ஸ்தானத்தை வேலைன் பிடித்துக்கொண்டு, அந்த மாறுதல் தாய் தந்தை இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்து சேருமானால், அரிவாள் அணுச் சோகை என்னும் கொடிய வியாதி உண்டாகும் என்பதை வைத்தியக் கல்லூரி மாணவர் எவரும் சொல்லுவர். ஆனால் ‘யூனிப்ராட்’ என்னும் புரதக் களஞ்சியத்தில் அதே சங்கிலிக்குரிய பக்கத்தைத் திறந்தால், அம்மாறுதல் ஏழாவது இடத்தில் பதிவாகியிருக்கும். இது பிழையன்று. உயிரணு இச்சங்கிலியைக் கட்டத் தொடங்கும்போது முதற்கண் வைக்கும் மெத்தியோனைன் பிறகு நறுக்கப்பட்டுவிடுவதால், இரத்தத்திலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த பழைய விஞ்ஞானிகள் அதைக் காணாமல், அடுத்ததிலிருந்தே எண்ணினார்கள். களஞ்சியமோ மரபணு சொல்லுகிறபடி அதையும் சேர்த்து எண்ணுகிறது. இரண்டு கணக்குகளும் ஒரே அமிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதை அறிந்து, பல ஆண்டுகளின் பிரசுரங்களைப் படித்து, முரண்பாடுகளைத் தீர்த்து, ஒரே பக்கத்தில் ஒழுங்குபடுத்தி வைத்தவர் எவரோ ஒரு தொகுப்பாளர். அவர் பெயர் அப்பக்கத்தின் தலைப்பில் இல்லை. அவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இத்தகைய பக்கங்கள், மனிதர் கண்ணால் பார்த்துச் சரிசெய்தவை மட்டும், இன்று 5,50,000-க்கு மேல் இருக்கின்றன. இயந்திரமே எழுதிச் சேர்த்தவை கோடிக்கணக்கில் உள. மருந்து தேடுகிறவரும், பயிர்நோய் ஆராய்கிறவரும், பரிசோதனைச் சாலையில் ஒரு புரதத்தை முதன்முறையாகச் சந்திக்கிற மாணவரும் ஒரு காசும் கொடாமல் இவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எல்லாருக்கும் பயன்படுகிற பொருளுக்கு எவரும் தம்மைப் பொறுப்பாளியாகக் கருதுவதில்லை என்னும் பழைய சங்கடம் இங்கே பூரணமாக விளங்குகிறது.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1965-ல் மார்கரெட் டேஹாஃப் என்னும் அமெரிக்க அம்மையார், அதுவரை வரிசை தெரிந்த 65 புரதங்களைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். செலவை ஈடுகட்டும் பொருட்டுத் தம் தொகுப்பை விலைக்குக் கொடுத்ததனால், தாங்கள் பாடுபட்டுக் கண்டதை அவர் விற்கிறார் என்று சகவிஞ்ஞானிகளிற் சிலர் மனம் புழுங்கினர். டி.என்.ஏ. வரிசைகளுக்கான அரசாங்கக் களஞ்சியத்தை நடத்தும் ஒப்பந்தம் 1982-ல் அவர் குழுவுக்குக் கிட்டாமல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தாருக்குச் சென்றது. மறு ஆண்டே அவர் காலமானார். கூலி கேட்டால் பேராசை, கேளாவிட்டால் பட்டினி என்ற இரண்டுக்கும் நடுவே அந்த அம்மையார் நின்ற நிலையிலேயே அவருக்குப் பின் வந்தவர்களும் நிற்க நேர்ந்தது.

1986-ல் ஜெனீவாவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அமோஸ் பைரோக், ‘ஸ்விஸ்-ப்ராட்’ என்னும் தொகுப்பை ஆரம்பித்தார். பின்னாளில் யூனிப்ராட்டின் உயிர்ப்பகுதியாக ஆனது இதுவே. பத்தாண்டு வளர்ந்து, உலகத்தின் உயிரியல் ஆய்வுக்கூடங்களெல்லாம் நாள்தோறும் நாடுகிற இடமாக ஆகிவிட்ட பின்பு, 1996-ல் மானியம் நின்றுபோகும் நிலை வந்தது. ஜூன் 30-ஆம் தேதியோடு கதவை அடைக்க வேண்டியிருக்கும் என்று பைரோக் இணையத்தில் பகிரங்கமாக அறிவித்தார். பல தேசங்களிலிருந்தும் ஆதரவு மடல்கள் குவியவே, ஸ்விஸ் அதிகாரிகள் அசைந்துகொடுத்து, தற்காலிகமாகப் பணம் ஒதுக்கினர். 1998-ல் ஸ்விஸ் உயிர்த்தகவலியல் ஸ்தாபனம் தோன்றியது. கம்பெனிகள் கட்டணம் செலுத்தவேண்டும், கல்வி நிலையங்களுக்கு இலவசம் என்ற ஏற்பாடும் சில காலம் நடந்தது. 2002-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதி கைகொடுத்து யூனிப்ராட் உருவானதன் பின்னரே அந்தக் கட்டணம் ஒழிந்தது. கதவு அடைபடப் போகிறது என்று முரசறைந்தால்தான் நிதி வரும் என்பது நிர்வாகத்திற்கு அழகாகுமா?

காரணம் விளங்காததன்று. ஆராய்ச்சி மானியங்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படுகின்றன. விண்ணப்பத்தை மதிப்பிடும் நிபுணர்கள் முதலில் கேட்பது ‘இதில் நூதனம் என்ன?’ என்பது. புதுக்கிணறு வெட்டுகிறவனுக்குக் கிடைக்கும் புகழ் தூர்வாருகிறவனுக்குக் கிடைப்பதில்லை அல்லவா? நேற்றுப் போலவே இன்றும் சரியாக இருக்கிறது என்பதுதான் களஞ்சியத்தின் விசேஷ குணம். அதை நூதனம் என்று எழுதி எந்த நிபுணரைச் சம்மதிக்கவைப்பது?

அமெரிக்காவில் ‘டேர்’ என்ற களஞ்சியம் வேறு வழியில் பிழைத்தது. தாவர இனத்தில் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்ட அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியைப்பற்றிய செய்திகளையெல்லாம் 1999 முதல் தொகுத்துவந்த இது, அரசாங்க விஞ்ஞான நிதி 2013-ல் முடிவடைந்ததும், லாபநோக்கற்ற ஒரு ஸ்தாபனத்தின் கீழ் வந்து சந்தா வாங்கத் தொடங்கியது. புதிதாகச் சேர்த்த தகவல் ஓராண்டு கழிந்தபின் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகிறது. இதை வியாபாரம் என்று இகழ நான் ஒருப்படேன்; சாவதைக் காட்டிலும் சந்தா மேல். ஆயினும், ஒரு மாணவர் பத்துப் பக்கங்களைப் புரட்டுவது வேறு, கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் களஞ்சியம் முழுவதையும் விழுங்கிக் கற்பது வேறு. பின்னதற்குச் சுங்கச்சாவடி வைத்தால் என்ன இழப்போம் என்பதை, 1971-ல் வெறும் 7 கட்டமைப்புகளோடு தொடங்கிய புரதக் கட்டமைப்பு வங்கி காட்டும்.

அவ்வங்கியில் இன்று 2,00,000-க்கு மேற்பட்ட கட்டமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும், 1963-ல் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் வகுத்துத் தந்த வரைபடத்தைக் கொண்டு சோதிப்பது இன்றும் வழக்கமாக இருப்பதை நம்மவர் பெருமையோடு நினைக்கலாம். ஒரு கட்டமைப்பைக் கண்டறியச் சராசரியாக 1,00,000 டாலர் செலவாகும் என்று வங்கியாரே மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அங்கே குவிந்துள்ள உழைப்பின் விலை 2,000 கோடி டாலர். 2024-ல் ரசாயன நோபல் பரிசின் ஒரு பாதியைத் தன்னை உருவாக்கியவர்களுக்குப் பெற்றுத்தந்த ‘ஆல்ஃபாஃபோல்ட்’ என்னும் கம்ப்யூட்டர் நிரல், அரை நூற்றாண்டாக இலவசமாகத் திறந்துகிடந்த இந்தக் குவியலைப் படித்தே புரதங்களின் வடிவத்தை ஊகிக்கக் கற்றது. இப்படி ஒரு சிஷ்யன் வருவான் என்று 1971-ல் எந்த விண்ணப்பத்திலும் எழுதியிருக்க முடியாது.

நிதி வழங்குகிற ஸ்தாபனங்களை ஒருங்கிணைத்துச் சுமையைப் பகிரச்செய்யும் நோக்கத்தோடு 2020-ல் உலக உயிர்த்தரவுக் கூட்டமைப்பு ஒன்று ஏற்பட்டிருக்கிறது. இந்தியாவிலும் 2022-ல் பரீதாபாத்தில் உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. என் அபிப்பிராயத்தில், ஒவ்வோர் ஆராய்ச்சி மானியத்திலிருந்தும் ஒரு சிறு பங்கை எடுத்துத் தரவுப் பராமரிப்புக்கென்று தனியே வைப்பதே நேர்வழி. அந்தப் பங்கு, விண்ணப்பம், மதிப்பீடு, நூதனம் என்ற சோதனைகளுக்கு உட்படாமல், கட்டடத்துக்கு மின்சாரக் கட்டணம் செலுத்துவதுபோல் தானாகவே போய்ச் சேரவேண்டும். ஒரே தேசத்தின் கஜானாவை நம்பியிருப்பதும் ஆபத்தானது. பழ ஈயைப்பற்றிய ‘ஃப்ளைபேஸ்’ களஞ்சியம் 1992 முதல் நடந்துவருவது. 2025-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் அமெரிக்க அரசாங்க மானியங்கள் ரத்தானபோது, அச்சர்வகலாசாலை வழியாக வந்த அதன் மானியமும் சேர்ந்து ரத்தாகிவிட, உபயோகிப்பவர்களிடம் அது நன்கொடை கேட்க நேர்ந்தது.