அண்டை வீட்டார் உரிமையும் நகரமைப்பும்

அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராவண்ணம் வாழ்வதை ஈமானின் அடையாளமாகக் கற்பிப்பது இஸ்லாம். இவ்வறம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதன்று; தெருவையும் ஊரையும் அமைக்கும் முறைக்கும் அதுவே அடிப்படையாகும்.

கடற்கரைச் சிற்றூரான பெரியதாழை இதற்கு நல்ல சான்று. அலைகள் கரையை அரிப்பதைத் தடுக்க அங்கே கற்களால் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டுள்ளன. கரையோரமாக நகரும் மணலை வளைவு ஒருபுறம் தேக்கும். மறுபுறம் மணல் வரத்துக் குறைவதால் அரிப்பு மிகக்கூடும். ஆகவே ஓரூரின் கரையைக் காப்போர் அடுத்த ஊரின் கரையையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

நகரத் தெருக்களின் நிலையும் இதுவே. தூத்துக்குடி 2008ஆம் ஆண்டு மாநகராட்சியாயிற்று. 2017இல் சீர்மிகு நகரத் திட்டத்திற்கும் தேர்வு பெற்றது. 2023 டிசம்பரில் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடியின் குடியிருப்புகள் பல நாள் நீரில் நின்றன. அத்துணை மழையை எவ்வூரும் எளிதில் தாங்காது என்பது மெய்யே. எனினும், ஓடை மனையாகும்போதும், சாலையின் மட்டம் வீட்டு வாசலினும் உயரும்போதும் வெள்ளத்தின் துன்பம் பன்மடங்காகிறது. ஒருவர் தம் மனையை மண்ணிட்டு உயர்த்தினால், அங்கு நின்ற நீர் அடுத்தவர் அடுப்படிக்குச் செல்கிறது.

நம் பழைய ஊர்கள் பிறர் வசதியை எண்ணி அமைந்தவை. காயல்பட்டினத்தின் முடுக்குகள், பெண்கள் பெருந்தெருவுக்கு வாராமலே உற்றார் இல்லம் சென்றுவர வழிவிட்டன. நடப்போருக்கென ஒரு பாதை வேண்டும் என்பதே அவை இன்றைய நகருக்குக் கூறும் பாடம்.

1914இல் இந்தியா வந்து சென்னை மாகாணத்து ஊர்களை ஆராய்ந்த பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரும், பழைய குடியிருப்புகளை இடித்து அகலச் சாலை அமைப்பதை ஏற்கவில்லை. சிதைந்த சிலவற்றை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் மரத்திற்கும் இடமளித்தால் செலவும் குறையும், குடிகளும் இடம்பெயரார் என்பது அவர் கொள்கை.

எனவே வீடு கட்டுவோர், மழைநீர் எங்கே செல்லும் என்பதை முதலில் கேட்டறிக. மாணவர்கள் முதியோரிடம் வினவித் தத்தம் பகுதியின் பழைய ஓடைகளையும் குளங்களையும் வரைபடமாக்குக. நீரின் வழியை அறிந்த ஊரே அதனை அடைக்காது காக்கும்.