டிரைப் எடுத்த ஆளில்லா மதுரை

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபம் என்றதும் மதுரைக்காரர்களின் காதில் விழுவது தையல் மிஷின் சத்தம்தான். துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் பஞ்சாங்கமோ பூஜைப் பாத்திரமோ வாங்கிக்கொண்டு, அம்மனையும் கும்பிட்டு வரும் பழக்கம் பல தலைமுறைகளாக இருந்தது. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் கடையும் கூட்டமும் கண்ணில் படாமல், சிலைத் தூண்கள் மட்டும் வரிசையாக நீளும் புது மண்டபத்தின் படம் ஒன்று உண்டு. எடுத்த ஆண்டு 1858. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில், டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822இல் பிறந்தவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு கேமராவும் கையுமாகச் சென்றார். அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. வடக்கே சிப்பாய்ப் புரட்சி கொதித்துக்கொண்டிருந்த மாதங்களில், இவர் தெற்கே கேமராப் பெட்டிகளோடு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டிருந்தார். மதுரைப் படங்கள் மட்டுமே நான்கு பாகங்களாக வெளிவந்தன.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், வெயில் தாங்கும், வண்டிப் பயணத்தில் உடையாது. குறை ஒன்றுதான்: ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அதுவரை அசையாமல் நிற்பது கல் மட்டுமே. கும்பிடப் போனவர்களும் சுமை தூக்கிப் போனவர்களும் கேமராவுக்குக் குறுக்கே நடந்திருப்பார்கள். காகிதத்தில் அவர்கள் ஒட்டவில்லை. தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊர் அந்தப் படங்களில் குடிபெயர்ந்துபோன ஊராகத் தெரிவது இதனால்தான். இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த நெகட்டிவிலிருந்து எடுக்கும் பிரதியில் வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் பல படங்களில் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். பழைய படம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

மேகத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்த்தால் அந்தப் படங்களுக்கு ஈடில்லை. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் இன்று நிற்பது முழு அரண்மனையின் ஒரு பகுதிதான். சென்னை ஆளுநராக நேப்பியர் பிரபு இருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்தில் அதைச் செப்பனிட்டார்கள். பிற்பாடு நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடந்தது. டிரைப் எடுத்தது செப்பனிடுவதற்கு முந்தைய மகால். மகாலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் சுதை வேலைப்பாட்டில் நாயக்கர் காலத்தது எது, வெள்ளைக்காரர் காலத்தில் பூசியது எது என்று பிரித்துச் சொல்ல இந்தப் படங்களை விட நல்ல சாட்சி கிடையாது.

வைகையும் அப்படியே. 1889இல் ஏ.வி. பாலம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆற்றுக்குக் குறுக்கே கிடந்த தரைப்பாலத்தையும் அக்கரையில் இருந்த மதுரையையும் டிரைப் படமாக்கியிருக்கிறார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நாட்டிய தூணையும் விடவில்லை. கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அமைய வழி செய்தவர் பிளாக்பர்ன். அந்தத் தூணைத்தான் ஊர் விளக்குத்தூண் என்கிறது.

கோயில் நகைகளைக்கூட வெளியே எடுத்து வைத்துப் படம் பிடித்திருக்கிறார். நகை என்றால் ரோஸ் பீட்டர் கொடுத்த தங்க அங்கவடிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1812 முதல் 1828 வரை மதுரை கலெக்டராக இருந்த பீட்டர், கல் பதித்த அந்த அங்கவடிகளை மீனாட்சிக்குக் காணிக்கையாகத் தந்தார். இடிமழை இரவில் ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனதால் உயிர் தப்பினார், அந்த நன்றிக்குத் தந்தது என்பது ஊர் சொல்லும் கதை. கதை எப்படியோ, பொருள் கோயிலில் இருக்கிறது. பீட்டர் பாண்டியன் என்ற பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரவெல்யன் இதை வீண் ஆடம்பரச் செலவாகக் கருதி மூடிவிட்டார். கணக்கு பார்த்தவருக்கு அது லாபம், மதுரைக்குத்தான் நட்டம். பிரதிகள் லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்தில் நாமும் பார்க்கலாம்.

ஆக, மதுரையின் கல்லுக்குப் படம் இருக்கிறது. ஆளுக்கு?

அது வீடுகளில் இருக்கிறது, டிரங்குப் பெட்டியிலும் பரணிலும். வரைந்த திரைக்கு முன் விறைப்பாக நிற்கும் தாத்தா, நாற்காலியில் உட்கார்ந்த ஆச்சி, கல்யாணத்தன்று ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த ஜோடிப் படம். இங்கிலாந்தில் கவுண்டிதோறும் ஆவணக் காப்பகம் இருப்பதால், அரசுப் பத்திரங்களோடு சாதாரணக் குடும்பங்களின் படங்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. நம்மூரில் அந்த வேலையைத் தனி ஆட்கள்தான் செய்தார்கள். காரைக்குடிக்குப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பழைய புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் அவர் இறந்தபின் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த படங்களை டிஜிட்டலாக்கியது.

அதற்குள் போனது போய்விட்டது. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரை ஆசியாவிலேயே பெரியது என்று மதுரை பெருமை பேசியது. கட்டடம் இன்று இல்லை. வாசலில் நின்று யாரோ எடுத்துக்கொண்ட படங்கள்தான் மிச்சம். படங்களைப் போலவே குடும்பத்தின் பெயர் சொல்லும் வீட்டுப் பாத்திரங்களின் கதை இன்னும் மோசம். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், விசேஷம், தேதி எல்லாம் வெட்டிய குடமும் தவலையும் பழைய பித்தளை விலைக்கு எடை போட்டு உருக்கப் போகின்றன. கல்வெட்டைப் படியெடுக்கிற நாடு, வீட்டுப் பாத்திரத்து எழுத்தை ஒரு போட்டோகூட எடுக்காமல் அனுப்புவது நியாயமில்லை.

வீட்டில் பழைய படம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேளுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருஷம், எந்த ஸ்டூடியோ. படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பசை ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைக்காதீர்கள், பிரிக்கும்போது படம் உரிந்துவிடும். பாத்திரத்தை விற்றே ஆகவேண்டும் என்றால், அதில் வெட்டியிருக்கும் பெயரைச் செல்போனில் படம் எடுத்த பிறகு விற்றுவிடுங்கள்.