24 நிமிடம் மிச்சம் இருந்தது... கோபத்தில் களத்தைவிட்டு வெளியேறிய அணியின் கதை!

"பேட்டு என்னுது... நான் வீட்டுக்குப் போறேன்!"

தெரு கிரிக்கெட் ஆடிய யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. அவுட்டா, இல்லையா என்று சண்டை வரும். பேட்டுக்குச் சொந்தக்காரப் பையன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் திருப்புட்குழியில் இதையே ஃபுட்பால் வடிவத்தில் பார்த்தேன். டீக்கடைக்கு எதிரே காலி இடத்தில் பசங்க ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஃப்ரீ கிக். எதிரணி இன்னும் தயாராகவில்லை. அதற்குள் ஒருவன் பந்தை உதைத்து கோல் போட்டுவிட்டான். "ரெடி சொல்லாம அடிச்சா செல்லாது!", "யாருடா ரெடி சொல்லணும்?" என்று கூச்சல். கோல் வாங்கிய அணியின் பெரிய பையன், "வாங்கடா, போலாம்" என்று சொல்ல, அத்தனை பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் சிரித்தார். "அண்ணா, இது அப்படியே பெங்களூரு - கேரளா மேட்ச்!"

எங்களோடு உட்கார்ந்திருந்த நெசவாளர் பெரியவருக்குப் புரியவில்லை. "அது என்னப்பா கதை?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவருக்குச் சொன்ன கதைதான் இது. உங்களுக்கும் சொல்கிறேன். ஃபுட்பால் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆபீஸிலோ, வீட்டிலோ கோபத்தில் ஒரு தடவையாவது எழுந்து போயிருந்தீர்கள் என்றால், இது உங்களுக்கான கதைதான்.

அன்று என்ன நடந்தது?

2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல் தொடரின் பிளே-ஆஃப் போட்டி. லீக் சுற்றில் நான்காவது இடம் பிடித்த பெங்களூரு எஃப்.சி-யும், ஐந்தாவது இடம் பிடித்த கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. ஒரே ஒரு ஆட்டம். ஜெயிப்பவர்களுக்கு அரையிறுதி, தோற்பவர்களுக்கு சீசனே முடிந்தது.

90 நிமிடத்தில் யாரும் கோல் போடவில்லை. 15 நிமிடம், 15 நிமிடமாகக் கூடுதல் நேரம் ஆரம்பித்தது. 96-வது நிமிடத்தில், பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கும் வேலையில் இருந்தார்கள். கோல்கீப்பர் பிரப்சுகன் கில் இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் சுனில் சேத்ரி பந்தை அலட்டிக்கொள்ளாமல் வலைக்குள் தூக்கிப் போட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார்.

பிளாஸ்டர்ஸ் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு வாதம் செய்தார்கள். பலனில்லை. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. அணியின் பயிற்சியாளர், செர்பியாவைச் சேர்ந்த இவான் வுகோமனோவிச், தன் வீரர்களை வெளியே வரச் சொன்னார். மொத்த அணியும் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்விட்டது. மைதானத்தில் பெங்களூரு வீரர்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததாகவும் பெங்களூரு ஜெயித்ததாகவும் அறிவித்தார்கள்.

"சரி, அந்த கோல் சரியா, தப்பா?" பெரியவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

விசில் வேணுமா, வேண்டாமா?

ஃபுட்பால் விதிப்படி ஃப்ரீ கிக் கிடைத்த அணி, விசிலுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எல்லா நேரமும் இல்லை. பந்தை வைத்தோமா, உதைத்தோமா என்று உடனே ஆடலாம். காரணம் எளிமையானது. தப்பு செய்தவன் எதிரணிக்காரன். அவன் நிதானமாகத் தயாராகும்வரை பாதிக்கப்பட்டவன் ஏன் காத்திருக்கணும்?

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. எதிரணி வீரர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தை அளந்து, சுவரைத் தள்ளி நிறுத்தும் வேலையில் நடுவர் இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவர் விசில் கொடுத்த பின்தான் உதைக்க வேண்டும்.

சண்டை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான். தனக்கு விசிலும் வேண்டாம், சுவரைத் தள்ளி நிறுத்தவும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் உதைத்ததாக சேத்ரி சொன்னார். நடுவர் சுவரை ஒழுங்குபடுத்தும் கட்டத்துக்குப் போய்விட்டார், அதனால் விசில் இல்லாமல் அடித்தது செல்லாது என்பது பிளாஸ்டர்ஸ் தரப்பு. அப்போது ஐ.எஸ்.எல்-லில் வீடியோ நடுவர் முறையும் இல்லை. எனவே களத்தில் இருக்கும் நடுவர் சொன்னதுதான் முடிவு. கோல் உண்டா, இல்லையா என்பது உட்பட ஆட்டம் சார்ந்த விஷயங்களில் நடுவரின் தீர்ப்பே இறுதி என்று விதிப் புத்தகமே சொல்கிறது.

ஆக, பிளாஸ்டர்ஸின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோபம் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் பிரச்னை. சொல்லப்போனால், கோபம் வருவதற்கு முன்னாடியே ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது.

முதல் தப்பு... அந்தச் சில விநாடிகள்!

எல்லோரும் வெளிநடப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அதற்கு முந்தைய சில விநாடிகளைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பள்ளியில் ஃபுட்பால் ஆடியவர்களுக்குத் தெரியும். பி.டி. சார் தொண்டை கிழியக் கத்தும் முதல் பாடம், "விசில் வந்தா நின்னுடாதே, பந்தைப் பாரு!" என்பதுதான். தடுப்புச் சுவரை யார் அமைப்பது, யார் பந்தின் மேல் கண் வைத்திருப்பது, விசிலுக்குப் பிறகுதான் உதைப்பார்கள் என்று உறுதியாகும்வரை கோல்கீப்பர் எங்கே நிற்பது... இதெல்லாம் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்பட வேண்டிய வேலைகள். பந்துக்கு முன்னால் போய் நின்று வேண்டுமென்றே தடுத்தால் மஞ்சள் அட்டை கிடைக்கும். அதனால் தடுக்கவும் கூடாது, தூங்கவும் கூடாது. அந்த மெல்லிய கோட்டில் நிற்பதற்குத்தான் பயிற்சி.

டீம் டிசிப்ளின் என்றவுடன் நமக்கு நேரத்துக்கு வருவது, சீனியரை எதிர்த்துப் பேசாமல் இருப்பது என்றுதான் தோன்றுகிறது. அழுத்தம் ஏறும் நேரத்தில், "என் வேலை எது?" என்பது ஒவ்வொருவருக்கும் மறக்காமல் இருப்பதுதான் உண்மையான டிசிப்ளின். 96 நிமிடம் ஓடிக் களைத்த பிறகு, எதிரே சேத்ரி மாதிரி அனுபவசாலி நிற்கும்போது, அது மறந்துபோனது. மனித இயல்புதான். ஆனால், நாக்-அவுட் ஆட்டங்கள் இந்த மாதிரி விநாடிகளில்தான் கைமாறுகின்றன.

இரண்டாவது தப்பு... 24 நிமிடம்!

இப்போது கணக்குப் போடுங்கள். கோல் விழுந்தது 96-வது நிமிடம். ஆட்டம் 120 நிமிடம். பின்தங்கியிருந்தது ஒரே ஒரு கோல். கையில் 24 நிமிடம் மிச்சம்.

கேப்டனை விட்டு நடுவரிடம் பேசச் சொல்லியிருக்கலாம். நான்காவது நடுவரிடம் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கலாம். வீரர்களை ஒரு நிமிடம் கூப்பிட்டு, "அநியாயம்தான். பதிலை கோல்ல சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். சமன் செய்திருப்பார்களா? யாருக்கும் தெரியாது. வெளியேறியதால், அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாமல் போனது.

வுகோமனோவிச்சைச் சாதாரணமாக எடைபோட்டுவிட முடியாது. 2021-ல் பொறுப்பேற்று, முதல் சீசனிலேயே அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனவர். அதில் ஹைதராபாத்திடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றார்கள். கேரள ரசிகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. இந்தத் தோல்விக்குப் பிறகும் கொச்சி விமான நிலையத்தில் ரசிகர்கள் கூடி, ஹீரோ மாதிரி வரவேற்றார்கள். தங்களுக்காக ஒருவர் எதிர்த்து நின்றார் என்ற உணர்வு அது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் பில் வந்தபோது தொகை பெரிதாக இருந்தது. ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்ற கிளப்பின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மார்ச் 31-ம் தேதி அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தீர்ப்புச் சொன்னது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளருக்கு 10 போட்டிகளில் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். பகிரங்கமாக மன்னிப்பு கேட்காவிட்டால் அபராதம் 6 கோடியாகவும், 10 லட்சமாகவும் உயரும். கிளப்பும் பயிற்சியாளரும் மன்னிப்பு கேட்டார்கள். மேல்முறையீடு செய்தும் கூட்டமைப்பு தண்டனையைக் குறைக்கவில்லை.

ஒரு நிமிடக் கோபத்தில் ஒருவர் முடிவெடுத்தார். அதற்கான விலையில் கிளப்புக்கும் பங்கு, வீரர்களுக்கும் பங்கு, டிக்கெட் வாங்கி பெங்களூருவரை வந்த ரசிகர்களுக்கும் பங்கு.

இதற்கு முன்னாடியும் நடந்திருக்கு!

இந்தியாவில் இது முதல் தடவை இல்லை. 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் மோதல். மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலிக்குச் சிவப்பு அட்டை. கூட்டத்திலிருந்து வந்த கல் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. பாதுகாப்பில்லை என்று சொல்லி, இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களமிறங்க மறுத்தது. முதலில் 2 வருடத் தடை. பிறகு அது நீக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதத்தோடு, அதுவரை சேர்த்த புள்ளிகள் எல்லாம் பறிக்கப்பட்டன. வீரருக்கு அடிபட்ட அந்தச் சூழலிலேயே தண்டனை இவ்வளவு என்றால், ஒரு கோலுக்காக வெளியேறியதற்கு என்ன கிடைக்கும் என்பதை யூகித்திருக்கலாம்.

உலக உதாரணம் வேண்டுமென்றால் 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. 110-வது நிமிடத்தில் இத்தாலியின் மாட்டெராஸி ஏதோ சொல்ல, பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் அவர் மார்பில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை. பிரான்ஸின் மற்ற வீரர்கள் கடைசிவரை ஆடி, பெனால்டி ஷூட்-அவுட்டில் 5-3 எனத் தோற்றார்கள். கேப்டன் நிதானம் இழந்தாலும், அணி களத்தைவிட்டு நகரவில்லை.

கடைசிவரை நிற்பதன் பலனை நம்ம சென்னை அணியே காட்டியிருக்கிறது. 2015 ஐ.எஸ்.எல் இறுதிப்போட்டியில், 90-வது நிமிடத்தை நெருங்கும்போது கோவாவிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தது சென்னையின் எஃப்.சி. கடைசி சில நிமிடங்களில் 2 கோல் விழ, கோப்பை சென்னைக்கு. அப்போது சென்னையின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே மாட்டெராஸி!

தறியும் களமும்

எல்லாவற்றையும் கேட்ட பெரியவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, தறியில இழை அறுந்தா எங்களுக்கும்தான் கோபம் வரும். முடிச்சைப் போட்டுட்டு மேல நெய்வோம். பாதிப் புடவையில எந்திரிச்சுப் போனா, கூலி யார் குடுப்பா?"

ஆபீஸ் மீட்டிங்கில் உங்கள் ஐடியாவை இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்லும்போது, மகனின் ஸ்போர்ட்ஸ் டே-யில் நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்லும்போது, எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றும். அந்த நேரத்தில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கு?" மிச்சம் இருந்தால், ஆட்டத்தை முடியுங்கள். புகாரை அப்புறம் எழுத்தில் கொடுங்கள். உயிருக்கோ மரியாதைக்கோ ஆபத்து என்றால் வெளியேறுவது வேறு கதை. குறிப்பாக நீங்கள் டீம் லீடராகவோ பெற்றோராகவோ இருந்தால், உங்கள் கோபத்துக்கு உங்களை நம்பி நிற்பவர்களும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள்.

பிளாஸ்டர்ஸ் கதையிலும் ஒரு பின்குறிப்பு உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி, புது சீசனின் முதல் ஆட்டம் கொச்சியில். எதிரே அதே பெங்களூரு. தடையில் இருந்த வுகோமனோவிச் பென்ச்சில் இல்லை. உதவிப் பயிற்சியாளர் ஃபிராங்க் டாவன்தான் அணியை நடத்தினார். பெங்களூரு கோல்கீப்பர் குர்பிரீத் பந்தைக் கட்டுப்படுத்தத் தடுமாறிய ஒரு கணத்தில், விடாமல் துரத்திப் போன கேப்டன் அட்ரியன் லூனா கோல் போட்டார். 2-1 என பிளாஸ்டர்ஸ் வெற்றி. மார்ச் மாதம் கவனம் சிதறியதால் இழந்ததை, செப்டம்பரில் கவனத்தால் மீட்டார்கள்.

டீக்கடையிலிருந்து கிளம்பும்போது விஜயராகவப் பெருமாள் கோயில் வழியாகத்தான் வந்தேன். சீதையைக் காக்க ராவணனோடு மோதிய ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஊர் நம்பிக்கை. புள் என்றால் பறவை. ஊர் பெயரிலேயே அந்தப் பறவை இருக்கிறது. ஜடாயு அந்தச் சண்டையில் ஜெயிக்கவில்லை. விழும்வரை களத்தைவிட்டுப் போகவும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு போன பசங்களில் பாதிப் பேர் மறுபடி வந்து, இருட்டுவதற்குள் ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று அணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை ஒருவன் பந்துக்குப் பக்கத்திலேயே நின்றான்.