ஊடுபயிரும் பசளையும்: வன்னி மேட்டுநிலம் பற்றிய ஓர் ஆய்வு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே குளத்துநீர் பாயும் வயல்கள் நெல்லுக்குரியன. அந்நீர் எட்டாத மேட்டுநிலங்களோ பெரும்போக மழையையே நம்பியுள்ளன. அங்கே சோளம், குரக்கன் முதலிய தானியங்களும், உழுந்து, பயறு, கௌபி முதலிய அவரையினப் பயிர்களும் விளைகின்றன. வவுனியா உழுந்துக்குப் பெயர்பெற்றது. இவ்விருவகைப் பயிர்களையும் ஒரே நிலத்தில் நிரை மாற்றி விதைப்பது ஊடுபயிர்ச் செய்கை எனப்படும். அதற்கு எப்பசளை ஏற்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வளியில் ஏறக்குறைய 78 சதவீதம் நைதரசனே. எனினும் தானியப் பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. அவரையினத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் அதனைப் பயிருணவாக மாற்றுகின்றன. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞரான ஹெல்றீகலும் வில்பாத்தும் 1888இல் விரிவாக வெளியிட்டனர். இப்பற்றீரியாக்கள் கூலியின்றி உழைப்பன அல்ல. செடி ஆக்கும் வெல்லமே அவற்றின் கூலி. மண்ணில் நைதரசன் மிகுந்திருப்பின் செடி அக்கூலியைக் கொடாது, முடிச்சுகளும் குறையும். ஆகவே உழுந்து நிரையில் யூரியாவை மிகுதியாக இடும் கமக்காரர், இலவசமாக வருவதைத் தடுத்து, விலைக்கு வாங்கியதை இடுகின்றார்.

அங்ஙனமாயின் சேதனப் பசளை மட்டும் போதுமோ? 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. ஈரச் சாணத்தில் அது நூற்றுக்கு அரைப்பங்களவே. ஒரு மூடை யூரியாவுக்கு ஈடுசெய்ய நாலரைத் தொன்னுக்கு மேற்பட்ட சாணம் வேண்டும். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது இக்கணக்கு மறக்கப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் நெல்லும் சோளமும் பெரிதும் விளைவு குன்றின. அத்தடையோ அவ்வாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது.

எனினும் எருவின் பயன் நைதரசனோடு முடிவதன்று. அது மண்ணைப் பொலபொலப்பாக்கி மழையீரத்தைக் காக்கும். மழை பொய்க்கும் மேட்டுநிலத்தில் இதுவே பெரும்பயன்.

அவரையினப் பயிர் தான் பெற்ற நைதரசனிற் பெரும்பகுதியை விதையிலே சேர்க்கின்றது. எஞ்சுவது இலையிலும் தண்டிலும் வேரிலுமே. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுசென்றால் நிலத்துக்கு மிஞ்சுவது சிறிதே. காய்களை மட்டும் கொய்து, எஞ்சியதை மண்ணோடு உழுதாலன்றி அடுத்த போகத்துப் பயிர் பயனடையாது.

ஆதலின் நிலம் முழுவதற்கும் எருவும் தழையும், தானிய நிரைக்கு மட்டும் அளவான யூரியா, அறுவடைக்குப் பின் உழுந்துச் செடி மண்ணுக்கு என்பதே தக்க முறையாகும். இம்முறை பசளைச் செலவை முற்றாக நீக்காது, குறைக்கும். கப்பலில் வரும் மூடையை மட்டும் நம்பிய கமம் அது வாராதபோது தளர்கின்றது. தன் மண்ணை வளர்த்த கமமோ அத்துணை எளிதில் தளராது.